மணல் பெட்டி இருக்க, போர்வை எதற்கு?

பூனை மலஜலம் கழிக்க வீட்டுக்குள் வைத்த மணல் பெட்டி சுத்தமாகத்தான் இருக்கிறது. பூனை அதற்குள் இறங்கி, மணலைக் கிளறி, முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே வருகிறது. நேராகப் போய், துவைத்து மடித்து வைத்த போர்வைமேல் உட்கார்ந்து சிறுநீர் கழிக்கிறது. அந்த நாற்றம் இருக்கிறதே, அப்பப்பா! துவைத்தால் போன மாதிரி இருக்கும், கொஞ்சம் ஈரம் பட்டதும் திரும்பி வந்துவிடும். பூனையின் சிறுநீரிலுள்ள யூரிக் அமிலப் படிகங்கள் தண்ணீரில் லேசில் கரையாது. அதைச் சிதைக்கும் என்சைம் (நொதி) கலந்த திரவத்தை ஊற்றி நன்றாக ஊறவிட வேண்டும். பிளீச்சிங் போட்டுத் துடைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். சிறுநீரிலுள்ள அமோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

இதைவிட எரிச்சல், பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது: "திமிர், பழிவாங்குது, நாலு போடு." அது பழிவாங்கல் இல்லை. அடித்தால் பயம்தான் கூடும், பயந்த பூனை இன்னும் கண்ட இடத்தில் போகும். வாசனை போட்ட மணல் பிடிக்காமல் இருக்கலாம், மூடி போட்ட பெட்டி பிடிக்காமல் இருக்கலாம். இரண்டு பூனை இருந்தால் 3 பெட்டி வையுங்கள். ஆனால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம். அதிலும் ஆண் பூனை முக்கி முக்கியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். வலியில் தவிக்கும் வாயில்லா ஜீவனைப் போய்த் திமிர் பிடித்தது என்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.