எல்லாருக்கும் ஒரே கொரோனாவா?

போன வாரம் காவேரிப்பட்டணத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் கொரோனா பேச்சு வந்தது. "அதுக்கு ஏழை பணக்காரன்னு தெரியுமா? எல்லாரையும்தானே தூக்குச்சு" என்றார் மாமா. அவர் வலி எனக்குப் புரியும். மூன்று லாரி வைத்து மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு லோடு அடித்த அவருடைய கூட்டாளி, 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கை கிடைக்காமலே இறந்தார். கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல்தான் திறந்தார்கள். ஆனால் சேலம், பெங்களூர் என்று காரில் அலைந்து பார்க்கவாவது அந்தக் குடும்பத்தால் முடிந்தது.

பந்தியில் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன்.

2020 ஏப்ரல் 30-ல் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில், தமிழ்நாட்டிலேயே தொற்று இல்லாத பச்சை மண்டலம் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் ஒன்றுதான். எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்துக் கொண்டாடினோம். அதற்கு ஒரு மாதம் முன்பே எங்கள் தெரு அண்ணனும் அக்காவும் பெங்களூரில் கட்டட வேலை நின்று, வாரக்கூலி கைக்கு வராமல், பிள்ளைகளோடு நடந்தே வந்திருந்தார்கள். ஊருக்குள் விடவில்லை. ஏரிக்கரை மாட்டுக்கொட்டாயில் 14 நாள். ரேஷன் கடையில் கொடுத்த 1000 ரூபாய் மளிகைக்கடை பாக்கிக்கே போனது. அவர்களில் யாருக்கும் அன்று காய்ச்சல்கூட இல்லை, மாமா. அதே மாதம் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்த எனக்கு முதல் தேதியே முழுச் சம்பளம் வந்தது.

அடுத்த வருடம் எனக்கும் தொற்று வந்தது, அவர்களுக்கும் வந்தது. காற்றோட்டமான தனி அறை, முடிந்தால் தனிக் கழிப்பறை என்றார்கள். நான் மாடியில் இருந்தேன். அம்மா படியில் சோறு வைத்துவிட்டுப் போவாள். அவர்கள் ஐந்து பேருக்கும் தொகுப்பு வீட்டில் ஒரே அறை. முதலில் இருமியது அண்ணன். ஒரே வாரத்தில் ஐந்து பேரும் படுத்துவிட்டார்கள். சுத்தம் தெரியாத ஜனங்கள் என்று அப்போது தெருவில் பேசியதை நான் மறக்கவில்லை. தள்ளிப் படுக்க அந்த வீட்டில் இடம் ஏது?

அவர்களுடைய மூத்த பெண் 2020-ல் பத்தாம் வகுப்பு. தேர்வில்லாமல் எல்லாரும் பாஸ் என்று அறிவித்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடம் பார்க்க வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லை. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்த நேரம். பந்திச் செலவு மிச்சம் என்று ஆவணியிலேயே முடித்துவிட்டார்கள். அவளுக்கு 16 முடியவில்லை. நம் மாவட்டத்தில் இப்படி எத்தனை கல்யாணம் நடந்தது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் டிவியில் வாசித்த எந்தக் கணக்கிலும் அவள் இல்லை.

மாமா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். படித்துவிட்டுப் போன் பண்ணுங்கள், பேசலாம்.