ஈரானி கஃபேக்கள் மூடப்படும்போது பேரப்பிள்ளைகளைப் பழிக்க வேண்டாம்

மும்பையில் பழைய ஈரானி கஃபே ஒன்று மூடப்படுகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம், பளிங்கு மேசைகளையும் வளைமர நாற்காலிகளையும் சுவரை நிறைத்த கண்ணாடிகளையும் நினைத்து ஏங்கும் பதிவுகள் குவிகின்றன. கூடவே, தாத்தாவின் கடையை எடுத்து நடத்த மனமில்லாத பேரப்பிள்ளைகள் மீது ஒரு குறையும் சொல்லப்படுகிறது. அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. அந்தக் குறையைத்தான் ஏற்க முடியவில்லை. இந்தக் கடைகள் எப்படித் தோன்றின, எதன் பலத்தில் நூறாண்டு நின்றன என்பதைப் பார்த்தால், பழி வேறிடத்தில் இருப்பது தெரியும்.

இவற்றைத் தொடங்கியவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானின் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து பம்பாய்க்கு வந்த ஜொராஸ்டிரியர்கள், அதாவது பழைய பாரசீகச் சமயத்தைப் பின்பற்றியவர்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குஜராத் கரையில் குடியேறி வளம் பெற்றுவிட்ட பார்சிகளுக்கு இவர்கள் மதத்தால் உறவினர்களே தவிர, வசதியால் அல்லர். சொந்த மண்ணில் 1871-72 பஞ்சமும், முஸ்லிம் அல்லாதவர்கள்மீது விதிக்கப்பட்ட ஜிஸியா வரியும் அவர்களை வாட்டின. பம்பாய் பார்சிகள் 1854-இல் அனுப்பிவைத்த மானெக்ஜி லிம்ஜி ஹதாரியா நெடுங்காலம் வாதாடிய பிறகு, 1882-இல்தான் அந்த வரி நீக்கப்பட்டது. வந்தவர்களில் பலர் பார்சி வீடுகளில் வேலையாட்களாக இருந்து, சிறுகச் சேர்த்த பணத்தில் தேநீர்க் கடை வைத்தார்கள். நாம் தெருக்குத்து பார்ப்பதைப் போல அந்நகரத்து இந்து வணிகர்கள் தெருமுனை மனைகளைத் தவிர்த்தார்கள் என்றும், அதனால்தான் அவை ஈரானியர்களுக்குக் கிடைத்தன என்றும் சொல்வார்கள். காரணம் எதுவாயினும், இரு தெருக்களுக்கும் வாசல் திறந்த அந்த முனைக்கடை, தேநீரோடு ரொட்டியும் சோப்பும் விற்று, பேட்டை மக்களின் அன்றாடத் தேவைகளுக்கான இடமாயிற்று.

கயானி 1904-இலும், கிராண்ட் ரோடு நிலையத்துக்கு எதிரே மெர்வான் 1914-இலும், பல்லார்ட் எஸ்டேட்டில் பிரிட்டானியா 1923-இலும் தொடங்கப்பட்டன. இத்தகைய கடைகள் பலவற்றை ஒரே குடும்பத்தின் சொத்து என்று சொல்வது முழு உண்மையாகாது. உறவினரும் ஒரே ஊர்க்காரரும் கூட்டாக முதல் போட்டு, முறைவைத்துக் கல்லாவில் அமர்ந்தார்கள். பங்குகள் பிள்ளைகளுக்கு இறங்கி, சில பங்காளிகள் விலகி, மிஞ்சிய ஒரு கிளையின் கைக்குக் கடை வந்த பிறகுதான் அது குடும்பக் கடை ஆகிறது. பெயர்ப்பலகையில் இடம்பெறாத பெண்களின் உழைப்பும் இதில் அடங்கும். பிரிட்டானியாவின் பெயரை உலகறியச் செய்த பெர்ரி புலாவ், கடையின் உரிமையாளர் போமன் கொஹினூரின் மனைவி ஈரானிலிருந்து கொண்டுவந்த பக்குவம். வந்தவரையெல்லாம் மேசைக்கே வந்து விசாரித்த போமன், 2019-இல் தம் 97-ஆம் வயதில் மறையும்வரை அந்தக் கடையின் முகமாக விளங்கினார். தொண்ணூறு வயதுக்கு மேலும் ஒருவர் கடைக்கு வந்துகொண்டிருந்ததை நாம் நெகிழ்ந்து பாராட்டுகிறோம். அதே வாழ்க்கையை இருபத்தைந்து வயதில் ஒருவர் ஏற்க மறுத்தால் அவரை நன்றிகெட்டவர் என்கிறோம். இது நியாயமில்லை.

இந்தக் கடைகளை நான் மதிப்பதற்கு முதற்காரணம், யார் எவர் என்று கேளாமல் ஒரு கோப்பைத் தேநீருக்கு எல்லோரையும் உட்கார வைத்ததுதான். சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரி 1957-இல்கூடத் திராவிடர் கழகத்தார் மறியல் செய்ய வேண்டியிருந்ததை அறிந்த நமக்கு, அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்க வேண்டியதில்லை. துறைமுகத் தொழிலாளியும் வழக்கறிஞரும் மாணவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து, அவசரமின்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப் பேசிக்கொண்டிருக்க விட்டதற்கு முதலாளியின் பெருந்தன்மை மட்டும் காரணமன்று. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையைப் பெரும்பாலும் பழைய அளவிலேயே நிறுத்திவைத்தது. மலிவான தேநீரின் பின்னால் அந்த வாடகையும், குடும்பத்தாரின் சம்பளமில்லா உழைப்பும் இருந்தன. பழைய சட்டத்தின் இடத்தில் வந்த 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு நான்கு சதவீத உயர்வை மட்டும் அனுமதித்து அந்தப் பாதுகாப்பைத் தொடர்கிறது. ஆனால் அதிலேயே ஒரு முடிச்சும் உள்ளது. வாடகைதாரர் இறந்தால், அந்த இடத்தில் அவரோடு சேர்ந்து தொழில் செய்த குடும்ப உறுப்பினருக்கே முதலில் உரிமை போகிறது. கட்டட உரிமையாளர் இசையாமல் வெளியாளுக்கு மாற்றுவது அரிது. முப்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்ற ஊழியருக்கு அந்தக் கடை வாழ்வதற்கான எல்லா நுணுக்கமும் தெரிந்திருக்கும். உரிமை மட்டும் வராது.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதிலும் 57,264 பார்சிகளே இருந்தனர். இவ்வளவு சுருங்கிவிட்ட ஜொராஸ்டிரியச் சமூகத்தில், படித்து வேறு தொழிலுக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்ட ஒரு மகளையோ பேரனையோ நம்பி ஒரு பேட்டையின் பொது இடம் நிற்க வேண்டும் என்பது அவர்கள்மீது ஏற்றப்படும் அநியாயமான சுமை. சமையற்காரர் வேலை வேண்டாம், என் பிள்ளை படிக்கட்டும் என்றுதான் யஸ்திலிருந்து வந்தவர்களும் உழைத்திருப்பார்கள்.

ஆகவே எனக்குத் தோன்றும் வழி இதுதான்: நீண்டகால ஊழியரைப் பங்காளியாகச் சேர்க்கலாம், அவருக்கும் வாடகை உரிமை தொடரும்படி, கட்டட உரிமையாளருக்கு நியாயமான ஈடு வகுத்து, சட்டத்தில் இடம் செய்யலாம். முன்பின் சொத்தில்லாதவர்கள் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கடைகள் இவை; இரத்த உறவு இல்லாத ஒருவர் மீண்டும் பங்காளியாவதில் அவற்றின் பழைமைக்கு எந்தப் பங்கமும் நேராது.