'ஆளுக்குப் பாதி' என்றால் எதில் பாதி?

சிங்கப்பூரில் விவாகரத்து என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது "பிள்ளை யாருக்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் பற்றி "ஆளுக்குப் பாதி" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்களே, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கணக்கைப் பாருங்கள். வீடு 600,000 வெள்ளிக்கு விற்கிறது. கடன் பாக்கி 200,000. வீடு வாங்க மசேநியிலிருந்து (மத்திய சேம நிதி) எடுத்த பணம், விற்கும்போது திருப்பிக் கட்ட வேண்டியது, வட்டியோடு சேர்த்து, கணவருக்கு 180,000, மனைவிக்கு 60,000. கடனும் மசேநியும் போக ரொக்கமாக மிஞ்சுவது 160,000. (முகவர் கட்டணத்தை இப்போதைக்கு விடுவோம்.)

"மசேநியைத் திருப்பிக் கட்டியபின் மீதியில் பாதி" என்று எழுதினால் கணவருக்கு 260,000, மனைவிக்கு 140,000. "கடனை அடைத்தபின் மீதியில் பாதி, அவரவர் மசேநித் தொகையும் அதற்குள் அடக்கம்" என்றால் ஆளுக்கு 200,000. இரண்டிலும் 'பாதி'தான், ஆனால் மனைவிக்கு 60,000 வெள்ளி வித்தியாசம்!

"தவணை முழுக்க நான்தான் கட்டினேன்" என்ற வாதமும் தனியாக நிற்காது. திருமணம், விவாகரத்துக்கான சட்டமான மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவு வீட்டைப் பார்த்துக்கொண்ட உழைப்பையும் கணக்கில் எடுக்கிறது. 2015ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த முறைப்படி, கணவர்-மனைவி பணப் பங்கு 80:20, வீட்டு உழைப்பு போன்ற மறைமுகப் பங்கு 40:60 என்றால் சராசரி 60:40. அதன்பிறகும் நீதிபதி கூட்டிக் குறைக்கலாம். ஒருவர் மட்டும் சம்பாதித்த நெடுங்கால மணவாழ்க்கைக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது என்று 2017ல் அதே நீதிமன்றம் சொன்னது. அங்கே தராசு சமபங்குப் பக்கம் சாயும். முஸ்லிம் தம்பதிகளின் வழக்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும், அது வேறு கதை.

வீட்டை ஒருவரே வைத்துக்கொள்வதாக இருந்தால், கடன் அவர் ஒருவர் சம்பளத்துக்குக் கிடைக்குமா என்று கையெழுத்துக்கு முன்பே விசாரியுங்கள். வீட்டை விற்குமுன் அதில் வசித்தாக வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியவில்லையா? வீவகவிடம் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி பிள்ளை. படிப்பு, மதம், பெரிய மருத்துவ முடிவு போன்றவற்றைத் தீர்மானிக்கும் உரிமையைப் பெரும்பாலும் இருவருக்குமே தருகிறார்கள். அன்றாடம் யாருடன் வாழும் என்பது வேறு. உண்மையான சண்டை அதில்தான். பிள்ளையை வைத்திருப்பவர் ஒரு மாதத்துக்கும் குறைவாக வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகலாம். அதற்கு மேல் என்றால் மற்றவரின் எழுத்துபூர்வச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைத் திரும்பப் பெற உதவும், பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பழக்கம் இருந்தால், கடப்பிதழ் யாரிடம் இருக்கும், திரும்பும் பயணச்சீட்டை எப்போது காட்ட வேண்டும் என்பதையும் நீதிமன்ற ஆணையிலேயே எழுதி வாங்குங்கள்.