ஒற்றை நோயாளி பற்றிய அறிக்கை வெறும் கதையா?

"ஓரிரு நோயாளிகளைப் பற்றி மருத்துவர் எழுதும் அறிக்கைக்கு மதிப்பே கிடையாது, ஆயிரம் பேரிடம் நடத்திய ஆய்வு மட்டுமே சான்று" என்றொரு கூற்று பரவி வருகிறது. இது தவறு.

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில் சிறு குறிப்பு ஒன்று வெளியானது. லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு அரிய வகை நிமோனியா. எதிர்ப்பாற்றல் குலைந்தவர்களைத் தாக்கும் அந்த நோய், திடமாக இருந்தவர்களுக்கு வந்திருந்தது. குறிப்பு வெளியாகும் முன்பே இருவர் இறந்துவிட்டனர். எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவப் பதிவு அதுதான். அப்போது நோய்க்குப் பெயர்கூட இல்லை. பெயரில்லாத நோயை எந்தப் பெரிய ஆய்வு தேடியிருக்கும்? கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைடு மாத்திரை கருவைப் பாதிப்பதை 1961-இல் முதலில் எச்சரித்தவர்களும், தாங்கள் கண்ட குழந்தைகளைப் பற்றி எழுதிய மருத்துவர்களே.

அதற்காக, "ஒருவருக்குக் குணமானது, ஆகவே மருந்து பலிக்கிறது" என்று வாதிடுவதும் பிழை, ஆபத்தும்கூட. அவர் தானாகவே தேறியிருக்கலாம். குணமாகாதவர்களைப் பற்றி யாரும் எழுதாமல் விட்டிருக்கலாம். மருந்தின் பலனை நிறுவ, மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிடும் ஆய்வு கட்டாயம் தேவை.