'மை டே' 1945-இல் நிற்கவில்லை

எலினோர் ரூஸ்வெல்ட்டின் 'மை டே' நாளிதழ்ப் பத்தி, கணவரும் அமெரிக்க அதிபருமான பிராங்க்ளின் 1945-இல் இறந்ததோடு நின்றுவிட்டது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியல்ல, நண்பரே. 1935 டிசம்பர் கடைசியில் தொடங்கிய பத்தி 1962 செப்டம்பர் வரை வந்தது. 1945 ஏப்ரல் 12-இல் கணவர் இறந்தார். 17-ஆம் தேதியே மறுபடி பத்தி வந்துவிட்டது. ஐ.நா. பணி, மனித உரிமைப் பிரகடனம், 1952 இந்தியப் பயணம் எல்லாம் அதற்குப் பின்னால் எழுதியவை. அவர் மனம்விட்டு எழுதியதும் அப்போதுதான் என்பேன்.

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எலினோர் ரூஸ்வெல்ட் ஆவணத் தளத்தில் பத்திகளை இலவசமாகவே படிக்கலாம். 1952-ஐத் திறந்து தேதிகளைப் பாருங்கள். புத்தகத்தில் தேடுபவர்கள் கவனிக்க: இந்தப் பத்திகளின் மூன்று தொகுதிகளில் முதலாவது மட்டும்தான் 1945-உடன் முடிகிறது.