பாதிப் படத்துக்கு முழு விமர்சனம்

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் திரையிடலைப் பற்றி அண்ணாச்சி எழுதியதை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், வாசித்துவிட்டேன். அங்கே போட்ட 'ஹெரால்ட் அண்ட் மோட்' என்ற அமெரிக்கப் படம் வக்கிரமாம். தேர்ந்தெடுத்தவனுக்கு ரசனைக் கோளாறாம். அந்தக் கோளாறு நான்தான்.

டீ இடைவேளையில் அண்ணாச்சி பைக்கை எடுத்துக் கிளம்பியதை வாசலில் நின்று பார்த்தவனும் நான்தான்.

திட்டக் கூடாது என்று சொல்லவில்லை. 1971-இல் படம் வந்தபோது பெரிய விமர்சகர்களே திட்டினார்கள். படம் படுத்தது. அப்புறம் கல்லூரிப் பிள்ளைகள் தேடித் தேடிப் பார்த்தார்கள். மினியாபொலிஸ் பக்கம் ஒரு தியேட்டரில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. 1997-இல், காத்து வைக்க வேண்டிய படங்களுக்கான அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள். அமெரிக்க விமர்சகர் ராஜர் ஈபர்ட்டாவது நாலுக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தார். நம்மவர் முக்கால் மணி நேரம் கொடுத்தார்.

முழுசாகப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அம்மா திரும்பிப் பார்க்க வேண்டுமென்று செத்ததுபோல நடித்தே வளர்ந்த பையன், எண்பதை நெருங்கும் ஒரு கிழவியிடம் வாழக் கற்றுக்கொள்கிறான், அவளைக் காதலிக்கவும் செய்கிறான். இதில் என்ன வக்கிரம்?

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். எனக்கு மீசை அரும்பும் வயசு, வீட்டில் யாரோடும் பேச்சில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அந்தத் துட்டி வீட்டுக்குப் பாட்டிதான் முதல் ஆள், துணைக்கு நான். திரும்பும் வழியில் மட்டிப்பழம் வாங்கித் தருவார். குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறியே தீருவேன் என்று நின்றார். உச்சியில் அது நின்றபோது வெற்றிலைப் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு, "மக்களே, பயந்தா கண்ணைத் தொற, மூடாத" என்று சிரித்தார். 'கிழவிக்குப் பேரன் வயசுப் பையனோட என்ன சோலி' என்று தெருவில் பேசினார்கள். அதே குரலைத்தான் அண்ணாச்சியின் பதிவிலும் கேட்டேன்.

"அது பாசம், இது காதல்" என்று கிளம்புவீர்கள். வித்தியாசம் உண்டு, எனக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் நெளிந்தது. அதனால் என்ன? "நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்கிறவர்களே, ஐம்பது தாண்டிய ஹீரோ மகள் வயசுப் பெண்ணோடு ஆடினால் நாகர்கோவிலில் விசிலடித்துத்தானே பார்க்கிறோம்? அப்போது மட்டும் பண்பாடு எங்கே போனது, முட்டம் கடற்கரையில் காற்று வாங்கவா?

நாற்காலி போட்டது, புரொஜெக்டர் இரவல் வாங்க அலைந்தது எதுவும் அந்தப் பதிவில் இல்லை. வேண்டாம், நன்றியை எதிர்பார்த்துச் செய்யவில்லை. அடுத்த படத்தை அண்ணாச்சியே தேர்ந்தெடுக்கட்டும். டீ நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறார். அதற்குக் காசு கொடுத்ததும் இந்த ரசனைக் கோளாறுதான்.