மதியச் சாப்பாடும் மும்மொழிக் கல்வெட்டும்

எங்கள் ஆசியவியல் துறையில் நடக்கும் மதிய உரைகளை இந்த வருடத்திலிருந்து வீடியோ எடுத்து யூடியூபில் போடப் போகிறார்களாம். முன்பதிவு, வரவேற்புரை, வந்தவர்களுக்குச் சான்றிதழ் எல்லாம் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கு 'பிரவுன் பேக்' என்று பெயர். பழுப்புக் காகிதப் பையில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து, சாப்பிட்டபடியே கேட்பது. பேசுகிறவர் பாதியில் நிற்கும் ஆய்வைக் கொண்டுவரலாம். சொல்லப்போனால் அதைத்தான் கொண்டுவர வேண்டும்.

ஒருநாள் சீன வரலாற்று ஆய்வு மாணவி ஒருவர் இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனப் பேரரசர் அனுப்பிய கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பல்களோடு இலங்கைக்குப் போனது. 1911இல் காலி நகரில் மதகு மூடும் கல்லாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி இலங்கையின் தென்கோடியில் உள்ள தேனாவரைக் கோயிலின் நாயனாரை, பாரசீகப் பகுதி அல்லாவை. காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே. யாருக்கும் மனக்குறை வைக்காத ராஜதந்திரம்!

"தமிழ் எனக்குத் தெரியாது, மொழிபெயர்ப்பை நம்பித்தான் பேசுகிறேன்" என்று அவரே சொல்லிவிட்டார். நாயனார் என்றால் சைவ அடியார்தானே, அப்படியானால் இது சிவன் கோயிலா என்று கேட்டார். நான் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, கோயில் கொண்ட இறைவனையே நாயனார் என்று எழுதுவது கல்வெட்டு வழக்கம், அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சிவன் என்று முடிவுகட்ட முடியாது, பலர் திருமால் என்றே கொள்கிறார்கள் என்றேன். உடனே பின்வரிசையிலிருந்து பாரசீகம் படிக்கிறவர், டப்பாவை மூடிக்கொண்டே, "எங்கள் பகுதிதான் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது, அதில் பாதி ஊகம்" என்றார்.

அந்தக் கல்லின் மூன்று மொழிகளையும் படிக்கத் தெரிந்த ஒருவர் எங்கள் வளாகத்தில் கிடையாது. மூன்று பேரும் மூன்று மாடியில் இருக்கிறோம். துறைக் கருத்தரங்கு என்றால் அவரவர் துறைக்குத்தான் போவோம். பசிதான் எங்களை ஒரே அறைக்குக் கொண்டுவருகிறது.

கேமரா ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் "தெரியாது" என்று சொல்லியிருப்பாரா? வேலை தேடப் போகிறவர் அவர். நானும் வாயில் சோற்றோடு பேசியிருக்க மாட்டேன்.

சரி, வீடியோ வேண்டும் என்றால் உரையோடு நிறுத்திவிடுங்கள். கேள்வி நேரத்தில் கேமராவை அணைத்துவிடலாம். அப்புறம், சான்றிதழ் அச்சடிக்கிற காசுக்கு இன்னும் நாலு நாற்காலி போடுங்கள். போன தடவை இரண்டு பேர் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.